மலைமேல் திருகிய ஒன்றரைச் சுற்று

என் சம்பந்தியாரை நான் வெறுத்தேன். இதனை மென்மையாக்கிச் சொல்வதற்குத் தமிழில் சொற்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றையும் இங்கே கையாள எனக்கு விருப்பமில்லை.

அவர் என் மருமகனின் தந்தை. மெல்பேணில், டண்டினொங்கில் இளைய மகனோடு வாழ்ந்துவந்தார். இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டின் குளிர்காலத்தில் பதினான்கு நாட்கள், இரண்டு கிழமை, தங்குவதற்கென்று சிட்னிக்கு, டூங்கபியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் அவர் பேருந்து திருத்தும் பட்டறை ஒன்றை முப்பது ஆண்டுகள் மேற்பார்த்தவர். நான் அதே காலமெல்லாம் தமிழ் கற்பித்தவன். எங்கள் பிள்ளைகளின் திருமணப் பந்தலில், விருந்தினர் சூழ நின்ற வேளையில், "மாஸ்டர் குடுத்த சீதனம் முழுக்கத் தமிழ்தான், பெட்டி பெட்டியாய் இறக்கினவங்கள்" என்று அவர் சொல்லிச் சிரித்தார். சுற்றி நின்றோரும் சிரித்தனர். அன்றிலிருந்து ஒன்பது ஆண்டுகள் அச்சிரிப்பு என் காதை விட்டு அகலவில்லை.

ஆயினும் சம்பந்திகள் சண்டையிடலாகாது. பெண் கொடுத்தவரும் எடுத்தவரும் ஒருவரையொருவர் முன்னிருக்கையில் அமர்த்த வேண்டும், முதற்சோறு பரிமாறுவிக்க வேண்டும், முகத்துக்கு நேரே மறுத்துரைக்கக் கூடாது. ஒருவருக்கு மற்றவர் அறிவுரை கூற நேர்ந்தால் ஒரேயொரு தடவை கூறலாம். இரண்டாந்தடவை கூறுவது இழிவுபடுத்துவதாகும். இவ்வொழுங்குகளை நாங்கள் இருவரும் எழுத்துப் பிசகாமல் காத்தோம். அன்பு அதற்குக் காரணமன்று. முதலில் மீறுபவர் தோற்றவராவார் என்பதனை இருவரும் அறிந்திருந்தோம்.

என்னிடம் அப்போது ஓர் ஊர்தி இருந்தது. இருபத்தாறு வயதான நீண்ட உடல் கொண்ட கார், கியர் தானாக மாறும் வகை. கணினி கட்டுப்படுத்தும் புதிய கார்களைப் போலன்றி, காற்றையும் பெற்றோலையும் காபரேற்றர் என்னும் பழைய உறுப்பே அதில் கலந்து கொடுத்தது. அதனை ஓட்டித்தான் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலைக்குச் சென்று வந்தேன். ஏனைய நாட்களில் அதனை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்ளே அமர்ந்து நூல் வாசித்தேன். மூன்று அறைகளில் ஐவர் வாழ்ந்த அவ்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நான் தனித்திருக்கக்கூடிய இடம் அவ்வூர்தி ஒன்றே.

அதுவும் பறிபோகும் நிலையில் இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் கடைத் தொகுதியின் தரிப்பிடத்தில் ஒரு தள்ளுவண்டியை இடித்துவிட்டேன். அன்று மருமகன் என் முன் வந்து நின்று, நிலத்தைப் பார்த்தபடி, "மாமா, கோவிக்காதேங்கோ. இனி ஏதும் ஒண்டு நடந்தா திறப்பை என்னட்டைத் தந்திடுங்கோ" என்றார். சாவியைத் தந்துவிடுவதாக இசைந்தேன். நான் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? அவர் கேட்டது நியாயமானது. நியாயமாயிருந்ததனாலேயே அது என்னை மேலும் வருத்தியது.

என் ஓட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கால் முடுக்கியில் படாதபோதும் இயந்திரம் தானாக மெல்ல ஓடிக்கொண்டிருக்குமன்றோ, அதனை மற்றவர்கள் 'ஐடில்' என்பார்கள். நான் வெற்றோட்டம் என்று எழுதுவேன். எங்கள் வீட்டு முற்றத்தில் திரும்பியதும் முடுக்கி மிதியையும், பிரேக் எனப்படும் தடை மிதியையும் விட்டுவிடுவேன். வெற்றோட்டத்தின் வலுவிலேயே கார் ஒருவர் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து கொட்டகைக்குள் நுழையும். கடைசி முழத்தில் மட்டும் தடையை மிதிப்பேன். எட்டு ஆண்டுகளாக அவ்வாறே நிறுத்தினேன். அது பிசகியதே இல்லை.

சம்பந்தியார் நீலமலைத் தொடரைப் பார்க்க வேண்டுமென்றார். மருமகனுக்கு வேலைநாள். அவருடைய புதிய காரும் அவரோடு போய்விட்டது. "அப்பா, மாமாவை நாங்கள் கூட்டிக்கொண்டு போவம். ஒருக்காத்தானே கேக்கிறார்" என்றாள் மகள். ஆகவே நான் ஓட்ட, சம்பந்தியார் ஒழுங்கின்படி முன்னிருக்கையில் அமர, மகள் பின்னால் இருந்தாள். புறப்படுமுன் அவர் காரின் இயந்திர மூடியைத் தட்டி, "என்ன கிழவி, மலை ஏறுவியோ?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, காரிடம் கேட்டார்.

ஏறும்வரை யாதொரு குறையுமில்லை. கட்டூம்பா நகரத்தை அடைந்து, தொடர்வண்டி நிலையத்தருகே சிவப்பு விளக்குக்கு நின்றேன். வெளியே மூடுபனி. பனியென்று சொல்வதற்கும் தகுதியற்ற, சாம்பல் நிறமான, எலும்பைத் தேடி வரும் ஈரம் அது. நான் நின்றதும் இயந்திரம் நடுங்கத் தொடங்கியது. திசைவளையம் என் கைகளுக்குள் அதிர்ந்தது. இரண்டுமுறை இருமுவதுபோல் ஒலித்துவிட்டு நின்றுபோயிற்று. மீண்டும் இயக்கினேன், ஓடியது. விளக்கு பச்சையாகியதும் நகர்ந்து, அடுத்த சந்தியில் நின்றேன். மீண்டும் அதே நடுக்கம், அதே இருமல், அதே மௌனம். பின்னால் நின்ற திறந்த பெட்டி வண்டிக்காரன் ஒலிப்பானை அழுத்தியபடி கண்ணாடியைத் தாழ்த்தி ஏதோ கத்தினான். அவன் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதி போதுமாயிருந்தது.

"பிள்ளை," என்றேன் மகளிடம், முன்னே பார்த்தபடி. "நேற்று நாங்கள் பெற்றோல் நிரப்பிய இடம் சரியில்லைப் போலும்." அவ்விடத்தைத் தெரிவு செய்தவர் சம்பந்தியார்.

"பிள்ளை," என்றார் அவரும், முன்னே பார்த்தபடி. "பெற்றோல் எல்லா இடமும் ஒண்டுதான். இஞ்சை காத்துத்தான் வேறை எண்டு மாஸ்டருக்குச் சொல்லு."

"ஐயோ, ரெண்டு பேரும் நேரை கதையுங்கோ," என்றாள் மகள். "நான் என்ன போஸ்ற் ஒபிசோ? பின்னாலை லைன் நிக்குது!"

மூன்றாம் முறை நின்றபோது காரை வீதியோரம் ஒதுக்க நேர்ந்தது. சம்பந்தியார் இறங்கி மூடியைத் திறந்தார். நான் என் சட்டைப்பையில் எழுதுகோல் வைப்பதுபோல் அவர் தம் சட்டைப்பையில் சிறிய திருப்புளி ஒன்றை வைத்திருப்பார். ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் அப்பழக்கம் போகவில்லை. அதனை எடுத்துக்கொண்டு, என்னைப் பாராமல், காபரேற்றரைப் பார்த்துப் பேசினார்.

"கீழை இருக்கிற காத்துக்கு அளந்து வைச்ச பெற்றோல் இது. மேலை வர வர காத்து மெலியும். ஆனா பெற்றோல் அதே அளவுதான் வந்துகொண்டிருக்கு. காத்துக் காணாமல் நெருப்புக்கு மூச்சு முட்டுது. ஓடேக்கை தெரியாது. நிண்டு ஐடிலுக்கு வரேக்கைதான் செத்துப்போகும். புதுக்காருக்கு கொம்பியூட்டர் இருக்கு, தானாய் அளந்து குறைச்சுக்கொள்ளும். இந்தக் கிழவிக்கு ஆர் இருக்கினம்?"

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. மிக நன்றாக விளங்கியது. ஒரு பொருளை இவ்வளவு தெளிவாக வகுப்பில் நான் விளக்கிய நாட்கள் குறைவு. அதற்காகவும் அவரை வெறுத்தேன்.

"ஏறி ஸ்ராட் பண்ணுங்கோ மாஸ்டர்," என்றார். இயக்கினேன். அவர் குனிந்து, வெற்றோட்டத்தின் வேகத்தைக் கூட்டும் திருகாணியைத் திருகினார். "ஒண்டு," என்றார். நடுக்கம் குறைந்தது. "ஒண்டரை." இயந்திரம் உறுதியாக ஓடத் தொடங்கியது. மூடியைச் சாத்திவிட்டு வந்து அமர்ந்தார். நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. மகள் எனக்காகச் சொன்னாள்.

அதன்பின் கார் ஒருமுறைகூட நிற்கவில்லை. பள்ளத்தாக்கின் விளிம்பில் அரைமணி நேரம் நின்றோம். மூடுபனியில் ஒன்றும் தென்படவில்லை. "கீழை ஒரு பெரிய பள்ளம் இருக்கெண்ட நம்பிக்கையிலை பாக்க வேண்டியதுதான்," என்றார் சம்பந்தியார். மகள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. விழுங்கிவிட்டேன்.

திரும்பப் புறப்படுகையில், நான் திறப்பைத் திருப்புமுன், அவர் சொன்னார்: "மாஸ்டர், இறங்கினதும் மலையடியிலை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. கீழை காத்துத் தடிப்பு. இந்த ஒண்டரைச் சுத்தை நான் திருப்பி விட வேணும். இல்லாட்டிக் கிழவி பாயும்."

"பார்ப்போம்," என்றேன்.

அவர் ஒரு முறை சொல்லிவிட்டார்.

இறக்கம் நெடியது. முடுக்கியிலிருந்து காலை எடுத்தும் கார் எதிர்பார்த்த அளவு தணியவில்லை. வளைவுகளில் தடையை வழக்கத்திலும் அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தது. பென்ரித்தில் சமதரைக்கு வந்து சிவப்பு விளக்கில் நின்றபோது இயந்திரம் உரத்து உறுமியது. தடைமேல் என் கால் இருந்தும் கார், கயிற்றை இழுக்கும் மாடுபோல் முன்னே தள்ளியது. சம்பந்தியார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவர் கை எழுந்து சட்டைப்பையைத் தொட்டது. திருப்புளியின் பிடியை இரு விரல்களால் பற்றினார். பின் கை மெல்ல மடிக்கு இறங்கியது.

நான் அதனைக் கண்டேன். காணாததுபோல் இருந்தேன். மறந்துபோனேன் என்று இங்கே எழுதினால் அது பொய்யாகும். இடப்புறம் ஒரு பெற்றோல் நிலையம், அடுத்து விசாலமான தரிப்பிடம், அதற்கடுத்து இன்னுமொன்று. எங்கும் நிறுத்தியிருக்கலாம். அவர் இரண்டாந்தடவை கேட்க வேண்டுமென்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் ஒழுங்கை மீறியவர் அவராவார், நான் பெருந்தன்மையோடு நிறுத்தியிருப்பேன். அவர் கேட்கவில்லை. பின்னிருக்கையில் மகள் உறங்கினாள். உறுமும் ஓர் இயந்திரத்துக்குப் பின்னால், இரண்டு கிழவர்கள் வாய்மூடி, அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் வந்தோம்.

டூங்கபியில் எங்கள் முற்றத்துக்குள் திருப்பி நிறுத்தினேன். மகள் விழித்து இறங்கிச் சென்று, கொட்டகையின் சுருள்கதவை இரு கைகளாலும் உயர்த்தினாள். கதவு பாதியில் இறுகும் வழக்கமுடையது. உள்ளே நின்று தோளால் முட்டுக்கொடுத்து ஏற்றினாள். ஏற்றி முடித்து, வா என்று கையை அசைத்தாள்.

நான் தடையை விட்டேன். எட்டு ஆண்டுகளாகச் செய்ததுபோல் இரண்டு மிதிகளையும் விட்டேன். அக்கணத்தில் மட்டும் நான் உண்மையாகவே மறந்திருந்தேன். பென்ரித்தில் நினைவிருந்தது, எங்கள் வீதியில் திரும்பும்போதும் நினைவிருந்தது. காலுக்கு அந்நினைவு இல்லை.

கார் பாய்ந்தது. மகளின் முகம் கண்ணாடியை நோக்கி வந்தது என்றே எனக்குத் தோன்றியது. நான் தடையைத் தேடி மிதித்தேன், திசைவளையத்தை இழுத்தேன். இடது முன்விளக்கு செங்கல் தூணில் மோதி நொறுங்கியது. அவள் பின்புறமாகத் தாவி, சுவரோரம் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகள்மேல் விழுந்தாள். கை மடங்கி உடலின் கீழ் அகப்பட்டது. அவள் எழுப்பிய ஒலியை இங்கு எழுத எனக்கு வலுவில்லை. இயந்திரம் அப்போதும் உறுமிக்கொண்டிருந்தது. சம்பந்தியார் என் பக்கம் சாய்ந்து திறப்பைத் திருப்பி அதனை நிறுத்தினார்.

அவர் இறங்கி ஓடினார். "பிள்ளை, விரலை அசை பாப்பம். அசையுதோ? அப்ப முறியேல்லை. ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை," என்றார். குசினியிலிருந்து உறைந்த பட்டாணிப் பொதியை எடுத்து வந்து மணிக்கட்டில் வைத்தவரும் அவரே. நான் கதவருகே நின்றேன். என் கைகளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மாலை ஆறு மணிக்கு மருமகன் வந்தார். நொறுங்கிய விளக்கைப் பார்த்தார், மனைவியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், பின் என்னைப் பார்த்தார். "என்ன நடந்தது?" என்று அவர் கேட்டு முடிக்குமுன் சம்பந்தியார் கதிரையிலிருந்து எழுந்தார்.

"என்ரை பிழை, தம்பி. மேலை ஐடிலைக் கூட்டினனான். கீழை வந்து இறக்க மறந்துபோனன். மாஸ்டருக்குச் சொல்லவுமில்லை. அவர் என்ன செய்வார், பாவம்?"

"உங்களை ஆரப்பா அதிலை கை வைக்கச் சொன்னது?" மருமகனின் குரல் உயர்ந்தது. "எழுபத்திரண்டு வயசாச்சு, இன்னும் டிப்போவிலை நிக்கிற நினைப்பு! இவளுக்கு ஏதும் நடந்திருந்தா? சொல்லுங்கோ, நடந்திருந்தா?"

சம்பந்தியார் தலை குனிந்து நின்றார். அந்தத் தலை குனிவதைக் காண ஒன்பது ஆண்டுகள் நான் விரும்பியிருந்தேன். இதோ கண்டேன். மகள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். மலைமேல் அவர் சொன்னபோது அவள் விழித்திருந்தவள். இரண்டு தந்தையரில் எவரை அவள் காட்டிக்கொடுப்பாள்? எழுந்து உள்ளே போனாள்.

இரவுச் சோற்றின்போது, மகனிடம் ஏச்சு வாங்கிய வாயாலேயே சம்பந்தியார், "மாஸ்டருக்கு முதல் போடு," என்றார். உண்டேன். திறப்பு என் சட்டைப்பையில் இருந்தது. இனி எந்நாள் அக்காரை இயக்கினாலும் அவர் இட்ட பிச்சையால் இயக்குவேன். கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்து வாசித்தாலும் அவர் எனக்கு ஒதுக்கித் தந்த அறையில் அமர்ந்திருப்பேன். அவருடைய சிரிப்பைப் பொறுத்துக்கொண்டேன். இதனைப் பொறுக்க என்னால் இயலாதென்று உணர்ந்தேன்.

மறுநாட் காலை குசினியிலிருந்து ஒரு மேசைக் கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குச் சென்றேன். மூடியைத் திறந்து, இயந்திரத்தை இயக்கி, அவர் தொட்ட திருகாணியைத் தேடிக் கண்டு மறுபுறமாகத் திருகினேன். ஒன்று. ஒன்றரை. உறுமல் தணிந்து, எட்டு ஆண்டுகள் நான் கேட்ட மெல்லொலி திரும்பியது. ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. பென்ரித்தில் அந்த ஒரு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

பின் உள்ளே வந்தேன். மருமகன் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார், சம்பந்தியார் எதிரே இருந்தார். திறப்பை மேசைமேல் வைத்தேன்.

"உம்முடைய தந்தையார் நேற்றுக் கூறியது பொய்," என்றேன். "அவர் என்னிடம் சொன்னார். தெளிவாகச் சொன்னார். நான்தான் நிறுத்தவில்லை."

மருமகன் திறப்பைப் பார்த்தார். நான் எதிர்பாராத விதமாகச் சினந்தெழுந்தவர் சம்பந்தியாரே.

"மாஸ்டர், உங்களுக்கு ஒருத்தன் உதவி செய்யவும் விடமாட்டியளோ?"

"உங்கள் உதவியை நான் கேட்கவில்லை."

"ஆரைத்தான் கேட்டனீங்கள், எதைத்தான் கேட்டனீங்கள்? உங்களுக்கு ஆக்களும் பரீட்சைக் கட்டுரை. சிவப்புப் பேனையை எடுத்தா வெட்டு வெட்டெண்டு வெட்டிறது. எனக்கு எத்தினை மாக்ஸ் போட்டு வைச்சிருக்கிறியள், அதைச் சொல்லுங்கோ பாப்பம்!"

"கலியாணப் பந்தலிலே நீங்கள் எனக்குப் போட்ட அளவுதான்," என்றேன்.

எந்தப் பந்தல், என்ன சொன்னோம் என்று அவர் தேடுவது முகத்தில் தெரிந்தது. அவருக்கு நினைவில்லை. ஒன்பது ஆண்டுகளாக நான் சுமந்தது அவர் அன்றே கீழே போட்டுவிட்டுப் போன ஒன்று. "மாமா, அப்பா, போதும்," என்றார் மருமகன். திறப்பை எடுத்துச் சுவர்க் கொளுவியில் மாட்டினார். சம்பந்திகளுக்குரிய ஒழுங்கு அன்றோடு முறிந்தது. முதலில் முறித்தவர் யார் என்பதில் இன்றும் எனக்குத் தெளிவில்லை.

அதன்பின் நடந்ததை நான் எண்ணியும் பார்த்திருக்கவில்லை. மருமகன் புதிய விளக்குப் பூட்டுவித்து, காரைத் தம் தந்தையிடமே கொடுத்தார். டண்டினொங்கில் அவருக்கு ஊர்தி இல்லை. அடுத்த கிழமை இளைய மகன் வந்து, விமானத்தில் போகாமல், அக்காரிலேயே அவரை அழைத்துப் போனான். அவர் முன்னிருக்கையில் ஏறும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மூடியைத் தட்டவில்லை, கிழவி என்றழைக்கவுமில்லை. நான் வாசற்படியில் நின்றேன். தெற்கே போகும் நெடுஞ்சாலையும் கோல்பேர்ன் பக்கம் மேட்டில் ஏறி இறங்குவது. நான் திருகிக் குறைத்த வெற்றோட்டம் அங்கு மீண்டும் நின்றுபோகலாம். அதனை அவருக்கு நினைவூட்ட எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலைக்குப் பேருந்தில் போனேன். இரண்டு இடத்தில் மாறி, மழையில் நனைந்து, பதினைந்து நிமிடம் பிந்திச் சென்றேன். பிந்திவரும் மாணாக்கரை வாசலில் நிறுத்திவைக்கும் வழக்கத்தை அன்றோடு விட்டேன்.

வீடு திரும்பியபோது மகள் தொலைபேசியை அப்போதுதான் வைத்திருந்தாள். அவள் கை ஆறியிருந்தது.

"அப்பா, மாமா கதைச்சவர். கார் நல்லாப் போய்ச் சேந்ததாம். கோல்பேர்ன் மேட்டிலையும் நிக்கேல்லையாம். நீங்கள் திருப்பி விட்டதைக் காது குடுத்துக் கேட்டவராம், அளவு சரியாய் இருக்காம். ஒண்டரைதானாம். அப்பாட்டைச் சொல்லச் சொன்னவர்."

நான் ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் அருகில் வந்தாள்.

"அப்பா, கேட்டதோ? மாமா சொன்னவர், அளவு சரியாம் எண்டு."

"ஒரு தரம் சொன்னால் போதும்," என்றேன்.